மாடியேறிய மஞ்சள் எறும்பு

“நாம செஞ்சது தப்புன்னு அந்த டீச்சரம்மாவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க” என்றேன் முதலாளியிடம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி இதைக் கேட்காதே என்பதுதான். லீவு கேள், சண்டை போடு, வாடிக்கையாளரிடம் தப்பை ஒத்துக்கொள்ளச் சொல்லி மட்டும் முதலாளியைக் கேட்காதே. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பூச்சிமருந்து கம்பெனியில் முதுகில் டேங்க் சுமக்கிறவர் அப்பா. நான் விலங்கியல் படித்துவிட்டு ஒரு மாதமாக இங்கேதான் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குள் போய் என்ன பூச்சி, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது முதலாளிக்கு ஒரு வேடிக்கை. என்னை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன டிகிரி, மத்தியான வெயில்ல கொடி பிடிக்கிற?” என்றார், பார்த்துக்கொண்டிருந்த செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நாலு மணிக்கு அந்த வீட்டுக்கு மறுபடி ஸ்ப்ரேன்னு போர்டுல எழுதியிருக்கீங்க. அடிக்கக் கூடாது.”

“அடிக்காம? எறும்புக்குத் தாலாட்டுப் பாடச் சொல்றியா?”

பின்பக்கம் குழாயடியில் அப்பா டேங்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

டீச்சரம்மா வீட்டில் எறும்பு முதலில் சமையலறைத் தொட்டிக்குக் கீழேதான் இருந்தது. நான் சேருவதற்கு முன்பே இரண்டு தடவை அடித்திருந்தார்கள். எங்கள் வேலை அட்டையில் எறும்புக்கு ஒரே ஒரு கட்டம். கறுப்போ சிவப்போ, எதுவானாலும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டு, ஒரே மருந்தை அடித்துவிட்டு வருவார்கள். தோட்டத்திலிருந்து வரிசையாக உள்ளே வரும் கறுப்பெறும்புக்கு அது சரிப்படும். வழியை அடைத்தால் கதை முடிந்தது.

போன வாரம் நான் போனபோது ஒன்றை செலோடேப்பில் ஒட்டி எடுத்து லென்ஸில் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணாடி மாதிரி வெளிர் மஞ்சள், வயிற்று நுனி மட்டும் கறுப்பு, இடுப்பில் இரண்டு முடிச்சு. இந்த ஜாதிக்கு ஒரு புற்றில் ஏகப்பட்ட ராணிகள். ஸ்ப்ரே வாடை பட்டதும் கூட்டம் உடையும். ஒவ்வொரு துண்டும் ஒரு ராணியைக் கூட்டிக்கொண்டு வேறு சுவருக்குள் குடிபோகும். சமையலறையில் இருந்த ஒரு புற்றை இரண்டு தடவை மருந்தடித்து நாங்கள் எத்தனையாக்கி வைத்திருந்தோமோ.

சர்க்கரைப் பாகில் கொஞ்சமாகப் போரிக் பவுடர் கலந்து பாட்டில் மூடிகளில் வைத்தேன். தின்ற எறும்பு உடனே சாகக் கூடாது. சுமந்து போய் ராணிக்கு ஊட்ட வேண்டும். டீச்சரம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: “முதல்ல கூட்டம் கூட்டமா வரும். பயப்படாதீங்க. துடைக்காதீங்க, எதுவும் அடிக்காதீங்க. மூணு வாரம் பொறுத்துக்குங்க.”

இன்று காலை அவர் போன் செய்தார். அழுகையில் பாதி புரியவில்லை. ஓடினேன். மாடியறையில் அவர் கணவர் படுத்திருந்தார். காலில் அறுவை செய்து பத்து நாள்தான் ஆகிறது. புண்ணின் கட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். பஞ்சின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சளாக ஊர்ந்தது. தையலுக்குள் இரண்டு. அவருக்கு எழுந்து உதறக்கூட முடியாது. கீழே வந்து சமையலறையைப் பார்த்தேன். என் மூடிகள் எல்லாம் மண்ணெண்ணெய் மாதிரி நாறின. யாரோ மேலேயே மருந்து அடித்திருக்கிறார்கள். முதலாளி அனுப்பிய ஆள்தான் என்று முடிவுகட்டி, டீச்சரம்மாவைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

“நான் வச்ச மூடி மேல ஸ்ப்ரே அடிக்க யாரை அனுப்பினீங்க?” என்று கேட்டேன்.

முதலாளி இப்போதுதான் நிமிர்ந்தார். “நான் எவனையும் அனுப்பலயே.”

நான் நம்பவில்லை. “பொய் சொல்லாதீங்க சார். அந்த மனுசனுக்குப் புண்ணுக்குள்ள எறும்பு போயிருக்கு. சீழ் வச்சா காலே போகும்.”

குழாய் நின்றது.

“நான்தாம்மா அடிச்சேன்” என்றார் அப்பா.

திரும்பினேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வியாழக்கிழமை அந்தம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. உன் பொண்ணு வச்ச மூடியில எறும்பு மொய்க்குது, படிச்ச பொண்ணு வளர்த்து விட்டுட்டுப் போயிருக்கான்னு சத்தம் போட்டுச்சு. உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னு சாப்பாட்டு நேரத்துல போயி...”

“மொய்க்கணும்னுதானேப்பா வச்சேன்!”

“அது எனக்கு எப்படிம்மா தெரியும். எறும்பப் பார்த்தா அடிக்கிறவன் நான்.”

முதலாளி சிரித்தார். நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தார். “இப்போ போன் போடட்டுமா டிகிரி? போட்டா தப்பு உங்கப்பன் மேலன்னுதான் சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் அவரை இங்க வச்சுக்க முடியாது. சொல்லு, போடவா?”

பதில் சொல்வதற்குள் மேசை போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். டீச்சரம்மாதான்.

“நர்ஸ் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போயிட்டாங்க சார். மறுபடியும் கட்டில் காலுல ஏறுது. நான் கையால நசுக்கிட்டே உக்காந்திருக்கேன். எப்போ வருவீங்க?”

“நாலு மணிக்கு டாண்ணு ஆளு இருக்கும்மா. இந்தத் தடவை ரெண்டு மடங்கு மருந்து. கட்டில், சுவரு, ஒண்ணு விடாம.”

“அடிங்க சார், எதையாவது அடிங்க.”

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். அவர் விரல் நுனிகள் மருந்து பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோனவை. வழவழவென்றிருந்தன. தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. முதலாளி போனை வைத்துவிட்டார்.

“அவ்ளோதான். டேங்கை ஏத்துய்யா” என்றார் அப்பாவிடம். “டிகிரி, நீ போய் பைலை அடுக்கு.”

அப்பா டேங்கைத் தூக்கினார். பழக்கம். யாராவது தூக்கு என்றால் அவர் முதுகு தானாகக் குனியும். எனக்கு அவர்மேல் வந்த கோபம் முதலாளிமேல்கூட வரவில்லை. அந்தக் கோபத்தோடேயே அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. நேரமில்லை. மணி இரண்டேகால்.

என் அலமாரியைத் திறந்தேன். லென்ஸ், போரிக் டப்பா, ஒரு பை நிறைய பாட்டில் மூடிகள். கட்டில் காலுக்கு நான்கு தண்ணீர்க் கிண்ணம் வேண்டும், அது அவர்கள் வீட்டிலேயே இருக்கும்.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் முதலாளி.

“அந்த வீட்டுக்கு.”

“போனா திரும்பி இந்தப் பக்கம் வராத.”

“வர மாட்டேன்.”

“வேணாம்மா” என்றார் அப்பா. டேங்க் பட்டை ஒரு தோளில் மட்டும் ஏறியிருந்தது. “தப்பு என் மேலன்னு சொல்லிடுவியா?”

“சொல்லுவேன்ப்பா. முதல்ல ரெண்டு தடவை கம்பெனி அடிச்சுது, மூணாவது எங்கப்பா அடிச்சாரு, அதனாலதான் மாடிக்கு ஏறுச்சுன்னு சொல்லுவேன். சொல்லலைன்னா அந்தம்மா நாலு மணிக்குக் கதவைத் திறந்து விட்ருவாங்க.”

அவர் பட்டையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.