சமத்துவம் மேடம்

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? அந்த விதியைக் கேட்டு வாங்கினது நீங்கதானே?"

"நான்தான் சார். ஆனா நாளைக்கு அந்தப் பொண்ணோட வழக்குல சாட்சி விசாரணை ஆரம்பிக்குது."

"நாளைக்கேதான் நேர்முகத் தேர்வும். புதுசா ஆறு வக்கீலை எடுக்கணும். தேர்வுக் குழுவுல அக்கரை ஆள் ஒருத்தர் இல்லைன்னா செல்லாதுன்னு எழுத வெச்சது யாரு? நம்ம ஆபீஸ்ல அக்கரை ஆளுங்க மொத்தம் எத்தனை பேரு, சொல்லுங்க."

எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. பதில்தான் இயக்குநருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே.

அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் அந்த அலுவலகத்தில் நாற்பது வழக்கறிஞர்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். அக்கரைக்காரர்கள் காலையில் பாலம் தாண்டி வந்து, இக்கரை வீடுகளைக் கூட்டி, துணி வெளுத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிப் போகிறவர்கள். அவர்கள் நீதிமன்றத்துக்குள் வந்தால் கூண்டில் ஏற வந்திருப்பார்கள், இல்லையென்றால் தரையைத் துடைக்க. முதல் வாரத்தில் கறுப்பு அங்கியோடு நுழைந்தவளையே சேவகர் மறித்து, "சாட்சிங்கல்லாம் வெளியில உக்காருங்க" என்றார். அவள் சிரித்து வைத்தாள். அப்போதெல்லாம் சிரிப்பு சுலபமாக வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நன்றாகத் தேர்வு எழுதிய அக்கரைப் பையன் ஒருவனை, "நீதிமன்றத்துக்கு ஏற்ற குரல் இல்லை" என்று ஒரே வரியில் தட்டிக் கழித்தார்கள். அந்த வரியைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படியேறி, மனு கொடுத்து, கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் விதியை வாங்கிவிட்டாள். இனி எந்தக் குழுவானாலும் அக்கரை ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அறிவித்த அன்று எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் புறா. எப்பேர்ப்பட்ட வழக்கையும் எதிர்த்தரப்போடு பேசிச் சமாதானமாக முடித்துவிடுவதால் அந்த மூத்த வழக்கறிஞருக்கு அப்படி ஒரு பெயர்.

அவர் ஏன் அத்தனை சத்தமாகத் தட்டினார் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. தேர்வுக் குழு, பதவி உயர்வுக் குழு, இடமாற்றக் குழு, புகார்க் குழு, கேன்டீன் குழு. எல்லாவற்றுக்கும் அக்கரை ஆள் வேண்டும், இருப்பதோ ஒரே ஆள். "நீங்கதான் பிஸியாச்சே" என்று அவளுடைய வழக்குகள் ஒவ்வொன்றாக வேறு மேசைகளுக்கு நகர்ந்தன. நீதிபதி முன்னால் எழுந்து நின்று மாதக்கணக்காகிறது. வராந்தாவில் அவளைக் கண்டால், "சமத்துவம் மேடம் வந்தாச்சு, கூட்டத்தை ஆரம்பிங்கப்பா" என்பார்கள். அவள் உட்கார்ந்தால் போதும், வாயைத் திறக்கத் தேவையில்லை. ஐந்து ஓட்டில் அவளுடையது ஒன்று. ஆனாலும் ஒன்று நடந்திருந்தது. அவள் உட்கார்ந்திருக்கும் அறையில் குரல் சரியில்லை என்று எழுத யாருக்கும் இதுவரை கை வரவில்லை. நாளை வரப்போகிறவர்களில் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்திருந்தவள் ஓர் அக்கரைப் பெண்.

அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வழக்கு. அதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தாள். வீட்டு வேலைக்குப் போன பெண்ணை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் விருந்துக்குப் போனார்கள். தீப்பிடித்தது. சாவி வீட்டுக்காரம்மாவின் கைப்பையில் இருந்தது. கதவு தானாக இறுகிக்கொண்டது என்கிறது எதிர்த்தரப்பு. தினமும் பூட்டுவார்கள் என்று செத்தவள் தன் அக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அக்காதான் நாளை முதல் சாட்சி.

ஒருத்தி உள்ளே வரப் பார்க்கிறாள், இன்னொருத்தியால் வெளியே வர முடியவில்லை. இரண்டு பேருக்கும் நாளைக்கேவா நேரம் குறிக்க வேண்டும்?

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் விலக்கு குடுங்க சார்."

"விலக்குன்னு விதியில இல்லையேம்மா. ஒண்ணு செய்யுங்க. நடைமுறைக்கு ஒத்துவரலை, எடுத்துடலாம்னு நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்குத் தாராளமா கோர்ட்டுக்குப் போங்க. யாரு தடுக்கப் போறா?" இயக்குநர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றி வைத்தார். குரலில் அத்தனை பரிவு. "நாங்க எழுதினா தப்பாப் பேசுவாங்க. நீங்க எழுதினா ஒரு பய வாயைத் திறக்க மாட்டான்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் சார்."

வெளியே புறா நின்றிருந்தார். வழக்குக் கட்டு ஏற்கெனவே அவர் கக்கத்தில் இருந்தது.

"கவலையை விடும்மா, நான் பார்த்துக்கறேன். கவனக்குறைவுன்னு ஒத்துக்கறதுக்குத் தயாரா இருக்காங்களாம். அபராதத்தோட போயிடும். பாவம், கௌரவமான குடும்பம்."

"எந்தக் குடும்பம் சார்?"

"உனக்கு எப்பவும் குறும்புதான்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

படிக்கட்டில், ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் செத்தவளின் அக்கா. சலவையகத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். துணி வெளுக்கும் மருந்துத் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளிறிக் கிடந்தன. இவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"உக்காரு, உக்காரு. சாப்டியா?"

"ஆச்சுக்கா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டேன். எல்லாம் வருது. ஆனா ஒண்ணுதான் பயமாருக்கு."

"என்னது?"

"அந்தம்மா எதிர்லயே உக்காந்திருப்பாங்கல்ல? அவங்க வீட்டுத் துணியை நானும் துவைச்சிருக்கேன்க்கா. சும்மா ஒரு பார்வை பார்ப்பாங்க. நம்ம வாய் தானா மூடிக்கும். தங்கச்சியும் அதனாலதான் கதவைத் தட்டாமலே கெடந்திருப்பா, எனக்குத் தெரியும்."

கீழே யாரோ, "சமத்துவம் மேடம் எங்கப்பா?" என்று கேட்பது காதில் விழுந்தது. வேறு யாரோ சிரித்தார்கள்.

அக்காக்காரி அதைக் கவனிக்கவில்லை. இவளுடைய உயரத்தையும் அகலத்தையும் கண்ணாலேயே அளப்பதுபோல் பார்த்தாள். பிறகு ஒரு படி கீழே இறங்கி, அங்கிருந்து நிமிர்ந்து பார்த்து, கையால் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"நாளைக்கு நீங்க கேள்வி கேக்கறப்ப, இந்தா, இப்படிக் கொஞ்சம் நகர்ந்து எங்களுக்கு நடுவுல நில்லுங்கக்கா. அவங்க எனக்குத் தெரியாத மாதிரி. நிப்பீங்கல்ல?"