இரண்டாவது அடுக்கு

ஜானிஸ் ஏணியின் நான்காம் படியில் நின்றுகொண்டு, பஞ்சுச் சுருளைத் தலையால் முட்டி மேலே தள்ளினாள். கூரைக்கடியிலிருந்த பரண் கதவின் சதுர ஓட்டைக்குள்ளிருந்து அப்பாவின் கைகள் மட்டும் நீண்டு அதைப் பிடித்து இழுத்தன. கண்ணாடிப் பஞ்சின் தூள் அவள் கழுத்துக்குள் இறங்கி அரித்தது.

“இன்னும் எத்தனைப்பா இருக்கு?”

“இதோட சேர்த்து மூணு.”

“அம்மா உன்னைக் கேட்கிறா. வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருப்பா.”

“முடிச்சிட்டு வந்துடறேன்னு சொல்லு.”

நேற்றும் இதையேதான் சொன்னார். முந்தாநாளும் இதுதான். அப்பா நார்மனுக்கு எண்பத்தோரு வயது. குவாரியில் கல் உடைத்த உடம்பு என்பதால் இன்னும் ஏணி ஏறுகிறார். ஆனால் மனைவியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் உட்கார அவரால் முடியவில்லை. ஜானிஸுக்கு அது புரியாமலில்லை. புரிந்ததால் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அம்மா டோரீனுக்கு நுரையீரல் முழுவதும் கெட்டுவிட்டிருந்தது. இனி நாட்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை நர்ஸ் பிலிப்பா வந்து கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிறு வெப்பமானியை வைத்தாள். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தும் முள் பதின்மூன்று டிகிரியைத் தாண்டவில்லை.

“பதினெட்டாவது நிக்கணும் நார்மன். நிக்கலன்னா நான் கீழ டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுக்கணும். இந்தக் குளிர்ல இவங்களை விட்டுட்டுப் போக என்னால முடியாது.”

டோரீன் உடனே கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “அங்க திரைக்கு அந்தப் பக்கம் யாராவது டிவி பார்த்துக்கிட்டு இருப்பாங்க. என்னை அனுப்பிடாத நார்மன்.”

“அனுப்ப மாட்டேன்.”

அந்த வரிசையில் ஒன்பது கல்வீடுகள். எட்டு வீட்டுப் பரணில் ஊர்க் கவுன்சில் ஆட்கள் வந்து, சூடு கூரை வழியாக வெளியேறாமலிருக்க இலவசமாகப் பஞ்சு போட்டுவிட்டுப் போய் இருபது வருடம் ஆகிறது. ஓசியில் வருவது எனக்கு வேண்டாம் என்று நார்மன் மட்டும் அவர்களை வாசலோடு அனுப்பிவைத்தார். உறைபனி விழுந்த காலைகளில் மற்ற எட்டுக் கூரைகளும் மதியம்வரை வெள்ளையாகக் கிடக்கும். இவர்கள் கூரையில் மட்டும் வீட்டுச் சூடு மேலேறி, எட்டு மணிக்கே பனி உருகிச் சொட்டும். பள்ளத்தாக்கிலிருக்கும் காக்கைகளெல்லாம் அங்கே வந்து வரிசையாக உட்காரும். “பாருங்க, ஊர்க் காக்காயெல்லாம் நம்ம வீட்டு மேலதான் குளிர் காயுது. எங்க வீட்டுக்காரர் தர்மப்பிரபு,” என்று டோரீன் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நார்மன் காதில் விழாததுபோல் ஷெட்டுக்குப் போய்விடுவார்.

திங்கட்கிழமை மாலை அவர் முதன்முறையாகக் கவுன்சிலுக்குப் போன் செய்தார். பட்டியலில் பெயர் எழுதிக்கொள்கிறோம், பதினொரு வாரம் ஆகும் என்றார்கள். மறுநாள் காலை கட்டடச் சாமான் கடையில், உறை கிழிந்து மூலையில் கிடந்த சுருள்களைப் பாதி விலைக்கு வாங்கி, பக்கத்து வீட்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். காற்று நுழையக்கூடாது என்று அம்மாவின் அறை ஜன்னல் விளிம்பு முழுவதும் பசை பிதுக்கி அடைத்தார். பிறகு பரணுக்கு ஏறியவர்தான்.

பரணில் பஞ்சு போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் அடுக்கு, பரணின் தரையில் வரிசையாகக் கிடக்கும் மரச் சட்டங்களுக்கு நடுவே. இரண்டாவது அடுக்கு சட்டங்களின் மேல் குறுக்காக. இரண்டாவதைப் போட்டுவிட்டால் சட்டம் எது, இடைவெளி எது என்று கண்ணுக்குத் தெரியாது. இடைவெளியில் இருப்பது கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத உள்கூரை அட்டைதான். கால் வைத்தால் கீழறைக்குள் போய்விடும். அதனால்தான் தூரத்து மூலையில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து வந்து, கதவருகே முடிப்பார்கள். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், நார்மனுக்கும் தெரியும். ஆனால் கதவு இருப்பது அம்மாவின் அறை வாசலுக்கு மேலே. தூரத்து மூலை இருப்பது ஆளில்லாத பின்னறைக்கு மேலே. ஆளில்லாத அறையை முதலில் போர்த்த அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே தொடங்கி, தனக்குப் பின்னால் வழியை மூடிக்கொண்டே உள்ளே போனார்.

வியாழக்கிழமை முள் பத்தொன்பதைத் தொட்டது. பிலிப்பா பார்த்துவிட்டு எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள்.

“அதான் வந்துடுச்சே, போதும்ப்பா,” என்றாள் ஜானிஸ்.

“பாதி மட்டும் போர்த்தினா எப்படி? சூடெல்லாம் பின்னாடி வழியா ஓடிடும்.”

இன்று வெள்ளிக்கிழமை. ராத்திரியிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று சுருள்களையும் கதவின் விளிம்பிலிருந்து உள்ளே உருட்டிவிட்டு, அப்பா பஞ்சுக்கடியில் சட்டங்களைத் தடவித் தடவித் தவழ்ந்து பின்மூலைக்குப் போய்விட்டார். ஜானிஸ் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

அம்மாவின் உதடுகள் நீலமாக இருந்தன. ஆனால் கை சூடாக இருந்தது. போர்வையைக்கூட மார்புக்குக் கீழே தள்ளியிருந்தாள்.

“நல்லா இருக்குடி,” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. “முப்பது வருஷமா கேட்டேன். சாகப் போறேன்னதும் போடறான் பாரு.”

“உனக்காகத்தாம்மா போடறார்.”

“தெரியும். வரச் சொல்லு.”

மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போவதை ஜானிஸ் கவனித்தாள். எண்ணிப் பார்த்தாள். எட்டு. அடுத்தது பன்னிரண்டு. அவள் ஓடிப்போய் ஏணிக்கடியில் நின்று கத்தினாள்.

“அப்பா! இப்பவே வா! போட்டது போதும், இறங்கி வா!”

மேலே உரசல் நின்றது. பிறகு பின்னறைப் பக்கமிருந்து ஒரு முழங்கால் ஊன்றும் சத்தம் வந்தது. நின்றது. இன்னொன்று.

“சட்டம் தெரியல ஜானிஸ்!” பஞ்சுக்குள்ளிருந்து வந்ததால் குரல் அமுங்கிக் கேட்டது. “எல்லாம் மூடிக் கெடக்கு!”

“மேல போட்டுத் தவழற பலகை எங்க?”

“கதவுகிட்ட விட்டுட்டேன். தடவித்தான் வரணும்.”

ஏணியிலேறிப் பலகையைத் தள்ளிவிடலாமா என்று நினைத்தாள். எந்தப் பக்கம் தள்ளுவது, அது எதன்மேல் உட்காரும் என்று அவளுக்கும் தெரியாது. அம்மாவைத் தனியே விடப் பயமாக இருந்தது. திரும்பி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவர் பஞ்சை விலக்குவதும், முஷ்டியால் தட்டிப் பார்ப்பதும், முழங்காலை நகர்த்துவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. நடுவீட்டைத் தாண்டிவிட்டார். இப்போது சத்தம் அறைக்குள் வந்துவிட்டது. கட்டிலுக்கு மேலே உள்கூரை ஒருமுறை ‘கிறீச்’ என்றது. வெள்ளைத் தூள் போர்வைமேல் உதிர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

“அவ மேல விழுந்துடுவேன்.” இப்போது குரல் நேர் மேலேயிருந்து வந்தது. “ஜானிஸ், அவ மேலயே விழுந்துடுவேன்.”

அம்மாவின் வாய்க்கோடியில் சிரிப்பு மாதிரி ஏதோ அசைந்தது.

“மெதுவா வரச் சொல்லு,” என்றாள். “கிழவன், விழுந்து தொலைக்கப் போறான்.”

“அப்பா! மெதுவா வரச் சொல்றா!”

“வர்றேன். இதோ வர்றேன்.”

ஜானிஸ் எண்ணினாள். இருபது. முப்பது. அறுபதுவரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். மேலே அவர் இன்னும் தட்டித் தட்டிச் சட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இனி அவசரமில்லை என்று சொல்லலாம். சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். சத்தம் கட்டிலைத் தாண்டியது, சுவரைத் தாண்டியது, பிறகு ஏணிப்படிகள் முனகின.

அவர் வாசலில் நின்றார். தலை, புருவம், சட்டை எல்லாம் பஞ்சின் மஞ்சள் நிறத் தூசு. தூசுக்காகப் போட்ட முகமூடியைக் கழற்றவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார்.

“எப்போ?”

“நீ மேல இருந்தப்போ. இதோ, இங்கதான்.” அவளால் கூரையைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. காட்டியபின் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்பா முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வாரத்தில் அவர் அதில் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஒரு மணிக்குப் பிலிப்பா, பண்ணைக்காரர் ஒருவரின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எழுத வேண்டியதை எழுதினாள். சவப்பெட்டிக்காரருக்குப் போன் செய்துவிட்டு, ஜானிஸை அடுக்களைக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“மேட்டுச் சாலை அடைஞ்சு கெடக்கு. நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி அவங்களால வர முடியாது. அதுவரைக்கும் அம்மாவைக் குளிர்லதான் வைக்கணும். பாய்லரை நிறுத்திடுங்க. கனத்த போர்வையை எடுத்துட்டு ஒரு துணி மட்டும் போர்த்துங்க. ஜன்னலை நல்லாத் தொறந்து விடுங்க.”

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை இருவரும் பிறகுதான் பார்த்தார்கள். அவர் நேரே போய்ப் பாய்லரை அணைத்தார்.

ஜன்னல் திறக்கவில்லை. கத்தியால் பசையை அறுத்துப் பார்த்தார், காய்ந்து இறுகியிருந்தது. உளியைக் கொண்டுவந்தார். ஒரு மூலையில் மரம்தான் சிதறியது.

“கண்ணாடியை உடைச்சிடுவோம்ப்பா.”

“வேணாம். அப்புறம் மூட முடியாது, பனி அவ மேல அடிக்கும்.”

மூன்று மணிக்கு ஜானிஸ் போய்ப் பார்த்தாள். முள் பதினெட்டில் நின்றது. சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் ஆறிவிட்டது, அறை ஆறவில்லை. அப்பாவும் வந்து குனிந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

“நிக்குது பாரு,” என்றார். “இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட இந்த வீட்டுல சூடு இப்படி நின்னதில்ல.”

அவர் தோள்கள் குலுங்கின. ஜானிஸ் கிட்டே போவதற்குள் அவர் நிமிர்ந்துகொண்டு, வாசலைத் தாண்டி ஏணியின் முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

“எங்கப்பா போற?”

“மேல போட்டதை எடுக்கணும். அதை எடுத்தாத்தான் ஆறும். இது கதவுலயிருந்தே எட்டும், பயப்படாத. நீ கீழ நின்னு வாங்கிக்க.”

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பஞ்சைச் சுருட்டும் சரசரப்பு கேட்டது. நான்கு நாள் வேலை, இந்தப் பக்கமிருந்து மிகச் சுலபமாகக் கழன்று வந்தது. முதல் சுருள் கதவின் ஓட்டையை அடைத்துக்கொண்டு இறங்கியது. ஜானிஸ் இரண்டு கைகளையும் விரித்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மேற்பக்கம் பனிபோல் சில்லிட்டிருந்தது. கட்டிலைப் பார்த்துக் கிடந்த பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

“கீழ வைம்மா,” என்றார் அப்பா மேலேயிருந்து. “அடுத்தது வருது.”

அவள் வைக்கவில்லை.