பதினான்காவது வார்டின் கிழக்கு எல்லை

காலை பதினொன்று இருபதுக்கு அப்பா கண்ணைத் திறந்து, "எங்க விட்டோம்?" என்றார்.

அவள் பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். "மூணாவது கவுன்சிலர். தெருவிளக்கு."

"எழுது. பதினோரு விளக்குக் கம்பம் நட்டார். பதினொண்ணும் அவர் மச்சான் வீட்டுக்குப் போற வழியில." மூச்சு வாங்கினார். "அந்த மச்சான் வீட்டுக்கு வழி தெரியாதவன் இந்த வார்டுலயே கிடையாது. அதையும் எழுது."

"சிரிக்காதீங்க. இருமல் வரும்."

"சிரிக்காம வார்டு வரலாறு எழுத முடியுமா?"

இருமல் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டைக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. மருத்துவர் முந்தின நாளே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "பேசணும்னு ஆசைப்பட்டா பேச விடுங்க" என்று சொல்லியிருந்தார். 

வரலாறு நான்கு நோட்டுகளாகியிருந்தது. முதலில் இரண்டு தெருவும் ஒரு சதுப்பு நிலமும்தான் வார்டு. பிறகு மேற்கே ரயில்வே குடியிருப்பு வந்தது. கிழக்கே கால்வாய்க்கு அப்பால் சாயப்பட்டறைச் சந்துகள் வந்தன. இருபத்தைந்து வருடம், ஐந்து தேர்தல், அப்பா அதன் கவுன்சிலர். ஆறாவது தேர்தலில் அறுபத்தொரு ஓட்டில் தோற்றார். அதன்பின் நான்கு வருடமாக வீட்டில் இருந்தார்.

"கடைசி அத்தியாயத்துக்குப் போ," என்றார்.

"நடுவுல உங்க காலம் இருக்கேப்பா. இருபத்தஞ்சு வருஷம்."

"அத ஜனங்க சொல்லிக்குவாங்க. கிழக்கு எல்லைன்னு தலைப்புப் போடு."

போட்டாள். பேனா ஒருமுறை எழுதாமல் வழுக்கியது. மறுபடி எழுதினாள்.

அந்த எல்லைக் கோட்டைப் போட்டவள் அவள்தான்.

மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அவள் வரைவாளர். வார்டுகளைத் திருத்தச் சொல்லி ஆணை வந்த வருடம், பதினான்காவது வார்டில் தொள்ளாயிரம் பேர் அதிகம் இருந்தார்கள். மேற்கே ரயில்வே குடியிருப்பை வெட்டலாம். கிழக்கே சாயப்பட்டறைச் சந்துகளை வெட்டலாம். எதை வெட்டினாலும் கணக்குச் சரியாக வந்தது. எதை வெட்டுவது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. யாருக்கும் அது பெரிய விஷயமாக இல்லை.

சாயப்பட்டறைச் சந்துகளின் ஓட்டு அப்பாவின் ஓட்டு என்பது அவளுக்குத் தெரியும். அங்கே முதல் குடிநீர்க் குழாயை அவர் கொண்டுவந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவர் தோளில் உட்கார்ந்து பார்த்தாள்.

வார்டு திருத்த ஆணை வந்தபோது அவருக்கு முதல் மாரடைப்பு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் வாரமே மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடைத்த சாக்கடையைப் பார்க்கப் போய்விட்டார். சொல்லிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, கால்வாயின் நடுவே கோட்டை இழுத்தாள். மேலதிகாரி வரைபடத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் கேட்டார்.

வரைவு முப்பது நாள் அலுவலகப் பலகையில் தொங்கியது. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். வேறு வார்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள், சண்டை போட்டார்கள். அப்பா வரவில்லை. "நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்? உள்ளதான் என் பொண்ணு இருக்காளே" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது நாளும் அவள் அந்தப் பலகையைக் கடந்துதான் வேலைக்குப் போனாள்.

தேர்தல் முடிவு வந்த அன்று அப்பா ஒரே ஒருமுறை கேட்டார். "அந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சும்மா?"

"மேல இருந்துப்பா," என்றாள்.

அவர் திரும்பக் கேட்கவில்லை. மேலே யாரைப் பிடித்து யார் செய்திருப்பார் என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஜெயித்தவர் அச்சகக்காரர். ஐந்து முறை அப்பாவை எதிர்த்து நின்று ஐந்து முறையும் தோற்றவர். அப்பாவின் தேர்தல் நோட்டீசையும் அவர்தான் அடிப்பார். இரண்டு பேரின் நோட்டீசும் அச்சகத்தில் ஒரே கொடியில் பக்கத்துப் பக்கத்தில் காயும். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆறாவது முறை அச்சகக்காரர் டீ கேட்டு வீட்டுக்கே வந்தார்.

"இல்லைன்னு சொல்லு," என்றார் அப்பா.

அவள் வாசலில் நின்று, "அப்பா இல்லீங்க மாமா" என்றாள். உள்ளே அப்பா இருமினார். அச்சகக்காரர் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். "சரிம்மா, வந்தா சொல்லு" என்று போய்விட்டார்.

"எழுதிட்டியா தலைப்பு?"

"எழுதிட்டேன்."

"இந்தக் கோட்டைப் போடவெச்சது இன்னார்னு எழுதலாம்னு பாத்தேன். ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாதத எழுதக் கூடாது." கண்ணை மூடிக்கொண்டார். "இருபத்தஞ்சு வருஷம் ஒரே தட்டுல தின்னவன். கேட்டிருந்தா நானே விட்டுக்குடுத்திருப்பேன்."

"அப்பா."

"ம்."

அவள் வாயைத் திறந்தாள். "பால் ஆறுதுப்பா," என்றாள்.

இரண்டு வாய் குடித்தார். பால் தாடையில் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஒண்ணு மட்டும் எழுது. கோட்டைப் போட்ட கை சுத்தமான கை. ஒரு வீட்டைக்கூட ரெண்டா வெட்டல. ஒரு குடும்பத்தைப் பிரிக்கல. மேல இருந்து சொன்னாலும் கீழ ஒருத்தர் உக்காந்து வரைஞ்சிருப்பாங்கல்ல, அந்த மனுஷன் நல்ல வேலைக்காரன். எழுதினியா?"

எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தாள். தலையசைத்தார்.

பிறகு தூங்கினார். ஒரு மணிக்கு விழித்துத் தண்ணீர் கேட்டார். மறுபடி தூங்கினார். இரண்டு மணிக்கு மேல் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, நான்தான் போட்டேன். நீங்க வீட்டுல இருக்கணும்னு போட்டேன்." சரியாக வரவில்லை. இரண்டாவது பகுதியை எடுத்துவிட்டாள். "அப்பா, நான்தான் போட்டேன்." அது போதும். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் வாய் சற்றுத் திறந்திருந்தது. மார்பில் கை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

மணி இரண்டு இருபத்தைந்து.

மறுநாள் காலை வாடகை நாற்காலிகள் தெருவின் இரண்டு பக்கமும் நிறைந்தன. அவள் கணவன் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தான். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி சாயப்பட்டறை ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். பெரிய சாயப்பட்டறைக்காரம்மா அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். சாயம் ஏறின கை, முழங்கை வரை நீலம்.

"அந்தப் பக்கம் எங்க கவுன்சிலர் யாருன்னுகூட எங்களுக்குத் தெரியாது பாப்பா. தண்ணி வரலன்னாலும் இங்கதான் வந்து நிப்போம். பதவி போனப்புறமும் ஒக்காந்து மனு எழுதிக் குடுத்தாரே, அதுல ஒண்ணாச்சும் உங்க ஆபீசுக்கு வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"இனிமே யாரு எழுதுவா?" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "சாகறப்பவும் பாரு, சட்டைப் பித்தான் தப்பாத்தான் போட்டிருக்கு. எந்தக் கூட்டத்துக்கு அவசரமோ" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் அழுகையோடு சிரித்தார்கள். மகள் குனிந்து பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டாள்.

வாசலில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

அச்சகக்காரர் தெருவிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். உள்ளே வரவில்லை. அவரைக் கூப்பிட யாரும் முன்வரவில்லை. அவள் எழுந்து போனாள்.

"வாங்க மாமா."

"வரலாமா?"

"வாங்க."

அவர் நகரவில்லை. தாள்க்கட்டை நீட்டினார். இரங்கல் நோட்டீஸ். அப்பாவின் படம், கறுப்புக் கரை, கீழே 'பதினான்காவது வார்டு மக்கள்' என்று மட்டும் இருந்தது. மை இன்னும் கையில் ஒட்டியது.

"சுவர் சுவரா ஒட்டியாச்சு. சாயப்பட்டறைச் சந்துலயும் ஒட்டச் சொல்லிட்டேன். என்னைத் தவிர எவனும் அவனுக்கு நோட்டீஸ் அடிச்சதில்ல." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்கம்மா. எப்பவும் அவன்தான் பாப்பான்."

அவள் பார்த்தாள். பிழை இல்லை.

"நாலு வருஷம். எத்தனை தடவை இந்தத் தெருவுல சைக்கிளை உருட்டிக்கிட்டு நடந்திருப்பேன். ஜன்னல்ல உக்காந்திருப்பான். என்னைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு முன்னால புடிச்சுக்குவான். தலைகீழாப் புடிச்சிருப்பான், அதையும் பாத்திருக்கேன்." சிரிக்க முயன்றார். "மேல ஆளைப் புடிச்சேன்னு சொன்னானாம். மேல எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு என் மாடியில குடியிருக்கிற வாத்தியார். எனக்கு அந்தக் கோட்டுல பங்கே இல்லம்மா. ஜெயிச்சப்புறம்தான் வரைபடத்தையே பாத்தேன்."

உள்ளே அப்பாவைத் தூக்க ஆட்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கணவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவள் தாள்க்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அச்சகக்காரர் செருப்பைக் கழற்றினார். முதல் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நீ அந்த ஆபீஸ்லதானேம்மா இருக்க. யார் போட்டதுன்னு உனக்குமா தெரியாது?"