முனைக்கடையைத் தாண்டி

வாய்க்கரிசித் தட்டை மூன்றாம் முறையாக இடம் மாற்றி வைத்தாள் கவிதா. அப்பா ஜோதிலிங்கத்தைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிக் கூடத்தில் கிடத்தியாயிற்று. பாடையும் தயார். மனைவி அரிசி போடாமல் தூக்க முடியாது. மனைவியோ வீட்டிலேயே இல்லை.

"புருஷனைப் போட்டுட்டு ஆபீசுக்குப் போன பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்," என்றார் சித்தப்பா வைத்தி. தில்லி ஜனக்புரிக் குடியிருப்பே அதைத்தான் முணுமுணுத்தது.

கவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் ஈரலைத் தின்றது தெருமுனை மதுக்கடை. பள்ளிக்கூட வாசலை ஒட்டியிருந்த அந்தக் கடைக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று வருடக்கணக்காக அலைந்தவள் அம்மா. அரசு விதிகளை இறுக்கிய பிறகு கலால் அலுவலகத்தில் முதல் விசாரணை இன்றுதான். புகார் கொடுத்தவர் நேரில் போகாவிட்டால் புகார் தள்ளுபடி. விடியும்போது அப்பா கண்ணை மூடினார். அம்மா ஒரு பாட்டம் அழுதுவிட்டு எழுந்து முகம் கழுவினாள்.

"உங்கப்பா இனி எங்கேயும் போக மாட்டாருடி. அந்த ஆபீசர் போயிடுவாரு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்தான்.

வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா சாந்தகுமாரி கலைந்த தலையோடு இறங்கினாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கடைக்காரனோட வக்கீல் வாய்தா கேட்டான். வேணாம் சாப், ஜல்தி முடிங்கன்னேன். ஆபீசர் எதுக்கு ஜல்தின்னாரு. இந்தக் கடையில குடிச்சே போனவரு வீட்ல கெடக்கறாரு, நான் போய் அரிசி போட்டாத்தான் தூக்குவாங்கன்னேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு. லைசென்ஸ் கேன்சல்! ஜீப் என் பின்னாலயே வந்துச்சு. சீல் வெச்சிட்டிருக்காங்க."

எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரி சாவு வீடு என்பதை மறந்து கை தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கவிதாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அம்மா அரிசியை அள்ளி அப்பாவின் வாயில் போட்டாள்.

பெண்கள் தெருமுனை வரைதான் போவார்கள். தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதும் அங்கேதான். இழுத்து மூடிய ஷட்டரின் பூட்டில் அரக்கு இன்னும் பளபளத்தது. பழக்கப்படி வைத்தி பாடையை இறக்கப் போனார்.

"தம்பி, இங்க வேணாம். நிக்காம போங்க," என்றாள் அம்மா.

வைத்தி அண்ணியை ஒருமுறை பார்த்தார். பிறகு தோள் மாற்றாமலே நடந்தார்.

தினமும் மாலையில் இதே முனைக்கு வந்து அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனவள் அம்மா. இன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கடை வாசலில் நிற்காமல் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.