டோலியில் வந்த டாக்டர்

மாதம்மாளின் மகள் கண்ணாயி செத்துக் கிடந்தாள். காய்ச்சல் என்றான் மருமகன் சென்றாயன். முந்தின நாள் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்றுச் சிரித்துப் பேசியவளுக்கு ஒரே ராத்திரியில் என்ன காய்ச்சலாம்? அதுகூடப் போகட்டும். புதைப்பதே வழக்கமான குடும்பத்தில் இவளை மட்டும் எரிக்க வேண்டுமென்று அவசர அவசரமாக விறகு அடுக்கினான். மோவாய்வரை இழுத்துப் போர்த்திய சேலையைத் தொடப்போன தாயின் கையைத் தட்டிவிட்டான்.

மாதம்மாள் போட்ட கூச்சலில் மணியக்காரர் அடிவாரத்துக்கு ஆளனுப்பினார். "டாக்டரு பாத்துச் சொல்லட்டும். அப்புறம் தீ வெய்யுங்க."

மலைக்கு ரோடு இல்லாத காலம். டாக்டர் அர்த்தனாரியை மாதம்மாளின் உறவுக்காரப் பையன் வெள்ளையனும் இன்னும் மூன்று பேரும் முதுகொடிய டோலியில் தூக்கி வந்தார்கள். அந்த மகராசன் உள்ளே சாய்ந்து வழியெல்லாம் குறட்டை. எதிரே வந்தவர்கள் பிணமென்று ஒதுங்கி நின்றார்களாம்.

வந்தும் அந்தப் புண்ணியவான் இறங்கவில்லை. சென்றாயன் கொடுத்த பலாப்பழம் மட்டும் மடியில் ஏறிவிட்டது. மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"மாரடைப்பு. எரிச்சுக்கங்க."

மாதம்மாள் டோலிக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க டாக்டரய்யா, செத்தா எல்லாருக்கும் நெஞ்சு நிக்கத்தானுங்க செய்யும்? எது நிறுத்துச்சுன்னு சேலையை விலக்கிப் பாருங்க சாமி!"

"எனக்கே பாடம் சொல்றயா? ம், தூக்குங்கப்பா!"

"வெள்ளையா," என்றாள் மாதம்மாள். "காலு இருந்தும் இறங்காம நாலு பேரு தோள்ல வாரது என்னது கண்ணு?"

வெள்ளையன் புரிந்துகொண்டான். "பொணமுங்க அத்தை. விறகும் அடுக்கித்தான் இருக்குது."

நால்வரும் டோலியைத் தூக்கி நேராக விறகுக் குவியலை நோக்கி நடந்தார்கள்.

"அடப்பாவிகளா! நிறுத்துங்கடா! இறங்கறேன்!" டாக்டர் குதித்த குதியில் பலாப்பழம் உருண்டது.

"பரவால்லீங்களே, உசுரு இருக்குது," என்றாள் மாதம்மாள்.

டாக்டர் சேலையை விலக்கினார். கழுத்தைச் சுற்றிக் கயிறு இறுக்கிய தடம் கருத்துக் கிடந்தது. ஓடப் பார்த்த சென்றாயனை வெள்ளையன் மடக்கிப் பிடித்தான்.

டாக்டர் சான்றிதழ் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"அடைப்புன்னு நீங்க சொன்னது சரிதானுங்க," என்றாள் மாதம்மாள். "எம்புள்ள மூச்சை யாரு அடைச்சான்னும் சேத்து எழுதுங்க."

அப்புறம்தான் மகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு ஓவென்று அழுதாள்.