பூட்டுக்காரரின் பிளாஸ்டர் பற்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கண்ணாடி அலமாரியில் இருந்த பிளாஸ்டர் பல்வரிசை பல் டாக்டரின் வலது முன்கையைக் கடித்தது. அலமாரி பூட்டியிருந்தது. டாக்டர் பத்தடி தள்ளி நின்று ஒரு பள்ளி ஆசிரியையின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். சுரீரென்றதும் கருவியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். மேலே ஆறு, கீழே ஆறு, மொத்தம் பன்னிரண்டு பள்ளங்கள். அலமாரியில் பல்வரிசை வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனால் அதன் முன்பல்லில் அவர் சட்டையின் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது. டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்த வாயோடு எழுந்து போன ஆசிரியை அன்றிலிருந்து வேறு டாக்டரிடம் காட்டுகிறார்.

அந்தப் பற்கள் ஒரு பூட்டுக்காரருடையவை. ஏழு வருடங்களுக்கு முன், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஓர் அம்மாளை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். அவர் தோளில் ஒரு கடித்தடம் இருந்தது. முந்தின நாள் அந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டு மாற்றியவர் என்பதால், பூட்டுக்காரரைத் தவிர வேறு ஆளைத் தேட வேண்டும் என்று போலீசுக்குத் தோன்றவில்லை. அவர் வாயில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து டாக்டரிடம் கொடுத்தார்கள். டாக்டர் பல் விளிம்புகளைக் கண்ணாடித்தாளில் கோடாக வரைந்து, தடத்தின் புகைப்படத்தின் மேல் வைத்தார். பொருந்தவில்லை. கொஞ்சம் திருப்பினார். தோல் இழுபடக்கூடியதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். பொருந்திவிட்டது. ஒரே ஒரு ஆளின் பல்லைக் கொண்டுவந்தார்கள், ஒரே ஒரு ஆளின் பல் பொருந்தியது. இந்தக் கூத்து சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியுமே என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்று கூண்டில் ஏறி நின்று, "இந்தத் தடத்தைப் பதிக்கக்கூடிய வாய் உலகத்திலேயே இது ஒண்ணுதான்" என்று அவர் சொன்னபோது இதே ஆட்கள் கைதட்டாத குறைதான். பூட்டுக்காரருக்கு ஆயுள் தண்டனை. நீதிமன்ற வாசல் படியில் பூட்டுக்காரரின் அக்கா டாக்டரை மறித்தார். "நரம்பில்லாத நாக்கு என்ன வேணாலும் பேசும்னு சொல்லுவாங்க. நீங்க பல்லையே பொய் பேச வெச்சுட்டீங்களே, டாக்டர்."

அலமாரியிலிருந்து விழுந்த அந்த முதல் கடிக்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அதே நேரத்துக்குக் கடி விழுந்தது. அது அவர் சாட்சி சொன்ன கிழமை, சாட்சி சொன்ன நேரம். டாக்டர் பல்வரிசையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார், கடித்தது. வாளித் தண்ணீரில் முக்கி வைத்தார். அந்த வாரத் தடம் ஈரமாக விழுந்தது. உடைக்கலாம் என்றால் அது நீதிமன்றம் முத்திரை குத்தி அவர் பொறுப்பில் விட்டிருந்த சான்று. வீட்டில் மனைவி கையைப் பார்த்துவிட்டு, "யாருங்க கடிச்சது?" என்று கேட்டார். "அலமாரில இருக்குற பல்லு" என்றார் டாக்டர். எந்த மனைவிதான் நம்புவார்? பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கடுத்த செவ்வாயில் மனைவியே வந்து எதிரே உட்கார்ந்தார். கண்ணெதிரே, ஒருவரும் தொடாத வெறுந்தோலில், பன்னிரண்டு பள்ளங்கள் தானாக அமுங்கின. மனைவி எழுந்துபோய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தார்.

பழக்கதோஷம் என்று ஒன்று உண்டல்லவா. டாக்டர் ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வந்தார். இருபத்தேழு படங்கள் சேர்ந்ததும் மேசையில் பரப்பினார். அதே பல், அதே கை, ஆனால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. கையை மடக்கியிருந்த நாளில் தடம் குறுகியிருந்தது, நீட்டியிருந்த நாளில் அகன்றிருந்தது. பூட்டுக்காரரின் பல் கோட்டோடு திருப்பாமல் பொருந்தியவை இரண்டே இரண்டு. மனைவி கேட்டார்: "ஏங்க, அந்தப் பழைய போட்டோ மேல வேற யார் பல்லையாவது வெச்சுப் பாத்தீங்களா?" பார்த்ததில்லை. ஏழு வருடத்தில் அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. தன் பல்லை வரைந்து வைத்தார். கொஞ்சம் திருப்பினார். பூட்டுக்காரருடையதைவிட நன்றாகப் பொருந்தியது. மனைவியின் பல்லும் பொருந்தியது. முன்பு அச்சு எடுத்து வைத்திருந்த பள்ளி ஆசிரியையின் பல்லும் பொருந்தியது. டாக்டர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மனிதனை உயிரோடு புதைத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதார்.

மறு செவ்வாயே நீதிமன்றத்துக்குப் போனார். புதிய நீதிபதியின் முன் மெழுகுத் தகட்டை நீட்டி, "ஐயா, தயவுசெஞ்சு இதைக் கடிங்க" என்றார். நல்ல வேளை, நீதிபதி வேடிக்கை தெரிந்த மனிதர், கடித்தார். டாக்டர் அதை வரைந்து, புகைப்படத்தின் மேல் வைத்து, கொஞ்சம் திருப்பிக் காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. நீதிபதியின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது மணி பதினொன்றே கால். டாக்டரின் தூக்கிய கையில், நிறைந்த சபை பார்த்திருக்க, இருபத்தெட்டாவது கடி விழுந்தது. எழுத்தர், "சாட்சி கடிக்கப்பட்டார்" என்று நேரத்தோடு பதிவு செய்தார். பதினைந்து நாளில் பூட்டுக்காரருக்கு விடுதலை. அந்த அம்மாளைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

சிறை வாசலில் அக்கா நின்றார். நாலடி தள்ளி, அட்டைப்பெட்டியோடு டாக்டர். பூட்டுக்காரர் வெளியே வந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை. செவ்வாய்க்கு ஒன்றாக, பதினொன்றே காலுக்கு, வலியில்லாமல் இருபத்தெட்டும் உதிர்ந்துவிட்டன. சிறை மருத்துவர் சத்துக் குறைவு என்று எழுதியிருந்தார். டாக்டர் அக்காவின் அருகில் வந்தார். "புதுப் பல்லு நானே கட்டித் தரேன்மா" என்றார்.

"வேணாம் டாக்டர். அவன் பல்லு உங்க கையிலதானே இருக்கு? அதைக் குடுங்க, போதும்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். தம்பியின் பேச்சு இப்போது அக்காவுக்கு மட்டும்தான் விளங்குகிறது. ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் அக்கா பல்வரிசையை வைக்கிறார். அது ரொட்டியைக் கடித்து மெல்கிறது, பூட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு விழுங்குகிறார். செவ்வாய்தோறும் டாக்டர் வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை மேசைமேல் நீட்டிக் காத்திருக்கிறார். பல்வரிசை அவர் பக்கம் திரும்புவதில்லை. சாவி செய்ய வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "மென்னு முடிக்கட்டும், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்கள்.