ஒரு நல்ல கேஸ்

அன்னக்கொடி அக்காவிடம் "நீங்களா வாயத் தொறந்து எதையும் சொல்லிறாதீங்க" என்று சொன்னவள் நான்தான். இதுவரை யாரும் என்மேல் பழி போடவில்லை. போட ஆளில்லை.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்துக்கென்று ஒரு மாணவர் வட்டம் உண்டு. இறுதியாண்டில் நான் அதன் செயலாளர். பெரிய பதவியென்று நினைத்துவிடாதீர்கள், மொத்தமே பதினோரு பேர்தான். மற்றதெல்லாம் முதலாமாண்டிலேயே தோல் டாக்டர், ஸ்கேன் டாக்டர் என்று முடிவு கட்டிவிட்டு வருகிற கூட்டம். மெடிசின் எடுத்து வார்டில் கிடந்து எவன் சாவான் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணையும் காதையும் கையையும் மட்டும் வைத்து நோயைப் பிடிக்கிற வித்தை வேறெங்கே இருக்கிறது என்று சண்டைக்குப் போவேன்.

அந்த வித்தையைக் காட்டத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டத்து ஜூனியர்களை என் ஊரான கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனேன். அப்பா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கிடைத்தது. நோயாளியைச் சோதித்து, என்ன நோயென்று முதலில் சொல்பவருக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப் பரிசு. பரீட்சையில் போலவே, நோயாளி தன் நோயை வெளியே விடக் கூடாது. வார்டில் 'நல்ல கேஸ்' என்று ஒரு பேச்சு உண்டு. நோய் தெளிவாகத் தெரிகிறவர் என்று அர்த்தம். அவருக்கு நல்லது என்று அர்த்தமில்லை.

அக்கா நல்ல கேஸ். பக்கத்துப் பூம்பாறையில் பூண்டு போடுகிறவர், எங்கள் வீட்டுக்கும் பூண்டு அவர் கொண்டுவருவதுதான். போன வருஷம் நான் விடுமுறையில் வந்திருந்தபோது, வாசற்படி ஏறவே அவருக்கு மூச்சிரைத்ததைப் பார்த்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். இதய வால்வு சுருங்கியிருந்தது. மதுரைக்கு நானே கூட்டிப்போய் வைத்தியம் பார்க்க வைத்தேன். அதிலிருந்து நான் சொன்னால் அக்காவுக்கு அது வேதவாக்கு. வரச் சொன்னதும், "ஒன் சோலிக்கு வராம எதுக்கு வரப்போறேன் பாப்பா" என்று காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

ஜூனியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவர் நெஞ்சில் குழாயை வைத்தார்கள். நாடியை ஒரு நிமிடம் முழுதாகப் பிடித்துப் பார்த்தவர் யாருமில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்குத்தான் விடை தெரியுமே.

முகேஷ் என்கிற மூன்றாமாண்டுப் பையன் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போனான். "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா? மயக்கம், கை கால் மரத்துப்போறது?"

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நோயின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, கூடாது என்று லேசாகத் தலையாட்டினேன்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றார்.

வால்வு என்று கண்டுபிடித்ததும் முகேஷ்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"வால்வு பழைய சங்கதிதான பாப்பா. கையில உள்ளத ஒருத்தரும் கண்டுபிடிக்கலையே. வெள்ளனே பூண்டுத்தாளு அறுக்கையில சோத்துக்கையி மரக்கட்டையாட்டம் ஆகி, அருவா தன்னால நழுவிருச்சு. நாக்கும் கொழறுச்சு. பத்து நிமிசந்தான், அப்பறம் சரியாப்போச்சு. அந்தத் தம்பி கிட்டக்க வந்துட்டான், நான் அசையலையே."

டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி தாறுமாறாக ஓடியது. வால்வு சுருங்கிய இதயம் இப்படித் தப்பும் தவறுமாக ஓடினால் உள்ளே ரத்தம் கட்டியாக உறையும். ஒரு துணுக்கு காலையிலேயே மூளைக்குப் போய்க் கரைந்திருக்கிறது. அடுத்தது கரையாது. பாவி, நான் முகேஷுக்கு அவரைப் பதில் சொல்ல விட்டிருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பியிருக்கலாம்.

ஜீப் பிடித்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். "எதுக்கு இம்புட்டு வெரசா போறோம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பண்ணைக்காடு பிரிவு தாண்டியதும் கேட்பது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியிலிருந்து சரிந்து கிடந்தது. அதற்கும் கீழே ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்று, மேலே வந்த டூரிஸ்ட் வண்டிகளெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தன, நாங்களும் மணிக்கணக்கில் நின்றோம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வாய் இழுத்ததிலிருந்து ஐந்து மணி நேரம் தாண்டிவிட்டது.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், பேச்சு திரும்ப வராது, வலது பக்கமும் வராது என்றார். உயிர் தங்குமா என்று சொல்லவே மூன்று நாள் போக வேண்டும். "நாம பேசுறது மட்டும் அவங்களுக்குப் புரியும்" என்று சேர்த்துச் சொன்னார்.

பொழுது சாய்ந்த பிறகு அக்காவின் கணவர் திருமலைச்சாமி அண்ணன் காய்கறி வண்டியில் வந்து இறங்கினார். கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளனயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், டாக்டரு பிள்ளைககிட்ட கையக் காட்டுடின்னு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா பிரின்ஸி, அத்தன பேரு இருந்தீங்களே, ஒருத்தரும் கேக்கலையா?"

சொல்லியிருக்கலாம். நான் வாயைக் கட்டிப் போட்டேன், கேட்டபோதும் தலையாட்டித் தடுத்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பயமாக இருந்தது.

"கேட்டாங்கண்ணே. கை மரத்துப்போகுதான்னே கேட்டாங்க. அக்காதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அண்ணன் குனிந்து, அக்காவின் முகத்துக்கு நேராகக் கத்தினார். "கேக்கும்போதும் சொல்லலையா நீ? வாயில என்ன வச்சிருந்த? ரெண்டு பிள்ளைகள இனி நான் எப்புடிடீ பாப்பேன்? ஒன் அழுத்தத்தாலதான் நீ கெட்டே."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். இடது கை மெதுவாக எழும்பி என்னை நோக்கி நீண்டது. கோணிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மறுபடியும் வந்தது. சொல்லாக ஆகவில்லை. கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அண்ணன் பதறிப்போனார். "என்னமோ சொல்ல வாறாளே. ஒனக்கு வெளங்குதாம்மா?"

"தண்ணி கேக்குறாங்கண்ணே" என்றேன். "இப்பக் குடுக்கக் கூடாது."